சேகண்டியும் மணலும்

புரட்டாசி பிறந்தால் எங்கள் சித்தூர்ப் பக்கம் திருப்பதிக்கு நடந்துபோகிறவர்களின் சங்குச் சத்தமும் சேகண்டிச் சத்தமும் ஓயாது. இயற்பியல் நடத்திப் பிழைத்தவன் நான்; கோவிந்தா சொன்ன கையோடு அந்த வெண்கலத் தட்டைத்தான் பார்ப்பேன்.

தட்டு அதிர்வதைக் கண்ணுக்குக் காட்டியவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர். தகட்டில் மணல் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தார். அசையாத கோடுகளில் மணல் போய் ஒதுங்கியது. 1787இல் அதைப் புத்தகமாக்கினார். 1809இல் நெப்போலியனே பார்த்து வியந்தார். அதன் கணக்கை விளக்கப் பாரிஸில் பரிசு அறிவித்தார்கள். 1816இல் வென்றவர் சோஃபி ஜெர்மேன் என்ற பெண்மணி.

பித்தளைக்கு ஒரு கோலம், எஃகுக்கு வேறு கோலம் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். வடிவமும் பிடிக்கும் இடமும் மாறாவிட்டால் உலோகம் மாறியும் கோலம் பெரிதாக மாறாது, சுருதிதான் மாறும். அதுவும் எப்போதும் இல்லை. எஃகைவிட அலுமினியத்துக்கு எடையும் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அதனால் ஒரே அளவில் வெட்டிய இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கும். பித்தளை நன்றாகத் தாழும். பலகையில்தான் கோலமே கோணிப்போகும்: நார் ஓடும் திசையில் விறைப்பு அதிகம், குறுக்கே குறைவு.

சேகண்டி கணீரென்று நெடுநேரம் ஒலிக்கும், ஆனால் அதைக் கேட்டு யாரும் சுருதி சேர்க்க மாட்டார்கள். தட்டின் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவதில்லை. இழுத்துக் கட்டிய வெறும் தோலும் அப்படியே. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு நிற்கிறது?

சி. வி. ராமன் இதைப் பிடித்துக்கொண்டார். கல்கத்தாவில் இருந்தபோது சிவகாளி குமாருடன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பெங்களூர் வந்தபின் 1934இல் விரிவாக எழுதினார். அவரும் மணலைத்தான் தூவினார், தோலின் மேல். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்தே சுரங்களாகக் கூடுவதையும், அவை 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் நிற்பதையும் கண்டார். காரணம், நடுவிலுள்ள கறுப்புச் சோறு. கல்லுப்பொடியையும் சோற்றையும் பிசைந்து, பூச்சுப் பூச்சாக ஏற்றித் தேய்த்து, நடுவில் கனத்தைக் கூட்டுகிறார்கள்.

ஐரோப்பா தகட்டை இருந்தபடி வைத்துக் கணக்குப் போட்டது. நம் ஊர்த் தோல் தொழிலாளி காதை நம்பிப் பொருளையே திருத்தினார். என் பார்வையில் இரண்டாவதுதான் கடினமான வேலை.

அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கைவினைஞர்கள். திருமலை நாத நீராஜன மேடையோ உங்கள் ஊர் சபாவோ, வித்வான் பெயரை அறிவிக்கும்போது மிருதங்கத்துக்குச் சோறு வைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.