சொல் உதிர்ந்த பாட்டு: 'பாடி அண்ட் சோல்' ஜாஸுக்கு வந்த வழி

1930இல் வெளிவந்த 'பாடி அண்ட் சோல்', காதலனிடம் தன்னை முழுவதுமாக ஒப்படைத்துவிட்ட ஒருத்தியின் முறையீடாகப் பிறந்த பாட்டு. மெட்டு ஜானி கிரீனுடையது. ஹார்வர்டில் பொருளியல் படித்து, சிறிது காலம் வால் தெருவில் பணியாற்றிவிட்டு இசைக்கு வந்த இளைஞர் அவர். சொற்கள் எட்வர்ட் ஹேமன், ராபர்ட் சவர், ஃபிராங்க் எய்ட்டன் ஆகிய மூவருடையவை. ஆங்கில நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸுக்காக எழுதப்பட்ட இப்பாட்டு அவர் வழியாக முதலில் லண்டனில் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் 'த்ரீஸ் எ கிரவுட்' என்னும் பிராட்வே காட்சியில் லிபி ஹோல்மன் பாட, நியூயார்க்கும் அதைக் கேட்டது. லூயி ஆம்ஸ்ட்ராங் அதே அக்டோபரில் அதை இசைத்தட்டில் பதிந்தார்.

ஆயினும் புகழ் மட்டும் ஒரு பாட்டை 'ஸ்டாண்டர்ட்' ஆக்குவதில்லை. அக்காலத்தில் புகழ்பெற்ற மேடைப் பாட்டுகளுள் மிகப் பல இன்று எவருக்கும் நினைவில்லை. இசைக்கலைஞரை ஈர்த்தது இப்பாட்டின் எலும்புக்கூடு. 32 தாள அலகுகள். எட்டெட்டாக நான்கு பகுதிகள். முதலிரண்டும் ஒன்றே, மூன்றாவது வேறு, நான்காவது மீண்டும் முதலாவது. இதில் புதுமை ஏதுமில்லை, அன்றைய வழக்கமான அமைப்புத்தான். புதுமை மூன்றாம் பகுதியில் உள்ளது. அங்கே ஆதார சுருதி அரைச்சுரம் மேலேறுகிறது. நான்கு அலகுகள் கழித்து, புறப்பட்ட இடத்திற்கும் அரைச்சுரம் கீழே இறங்குகிறது. பின்னர் படிப்படியாக நழுவி வீடு திரும்புகிறது. மெட்டைப் பாடுபவருக்கு இது இடர். மனோதர்மத்தில் வாசிப்பவருக்கு விருந்து. பென்னி குட்மனின் மூவர் குழு 1935இலும், ராய் எல்ட்ரிட்ஜுடன் சூ பெர்ரி 1938இலும் இதைப் பதிந்தமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும்.

டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் ஐந்தாண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்துவிட்டு 1939இல் நியூயார்க் திரும்பினார். அக்டோபர் 11 அன்று அவர் பதிந்த 'பாடி அண்ட் சோல்' ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். பியானோவின் சிறு முன்னுரைக்குப் பின் பாட்டை இருமுறை வலம் வருகிறார், 64 அலகுகள். கிரீனின் மெட்டு தொடக்கத்தில் சாயலாகத் தோன்றி மறைகிறது. பிறகு வரவே இல்லை. கேட்கப்படுவதெல்லாம் அடியில் நகரும் கார்டுகளின் வரிசையும், அவ்வரிசையை விளக்கிக்கொண்டே செல்லும் ஒரு புதிய மெட்டுமே. (இதை இராக ஆலாபனையோடு ஒப்பிடும் வழக்கம் உண்டு. அது பாதிப் பொருத்தமே: ஆலாபனைக்கு அடியில் இப்படி நகரும் தரை கிடையாது.) வியப்பு என்னவெனில், மெட்டைக் கைவிட்ட அந்தத் தட்டு இசைவாணர் வட்டத்தோடு நில்லாமல் பொதுமக்களிடமும் விற்றது.

இங்கே உரிமைச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அமெரிக்க வழக்கில் மெட்டுக்கும் சொல்லுக்கும் காப்புரிமை உண்டு. கார்டு வரிசைக்கு இல்லை. 1940களின் பீபாப் கலைஞர் இவ்விடைவெளியை நன்கு பயன்படுத்தினர்: 'ஹௌ ஹை த மூன்' பாட்டின் கார்டுகள்மேல் புதிய மெட்டு ஏற்றப்பட்டு, 'ஆர்னிதாலஜி' என்ற தனிப்பெயரே பெற்றது. ஹாக்கின்ஸ் அவ்வாறு பெயர் மாற்றவில்லை. ஆகவே, அவர் வாசித்ததில் பெரும்பகுதி அவர் அந்நொடியில் இயற்றியதே ஆயினும், சட்டத்தின் கண்ணில் அது கிரீன் முதலிய நால்வரின் ஆக்கம். இயற்றியோர்க்குரிய பங்கும் அவர்களுக்கே. 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்ததோ ஹாக்கின்ஸின் பதிவை.

ஹாக்கின்ஸ் பாட்டைச் சொல்லிலிருந்து விடுவித்தார் என்று எழுதுவோர் உண்டு. அது அவசர முடிவு. 1940இலேயே பில்லி ஹாலிடே இதைச் சொற்களோடு பாடிப் பதிந்தார். வாத்தியக்காரரும் சொல்லை மறந்தாரில்லை. வாசிக்கும் பாட்டின் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது லெஸ்டர் யங்கின் கொள்கை. டெக்ஸ்டர் கோர்டன் மேடையில் காதற்பாட்டு வாசிக்கும் முன் அதன் வரிகளை உரைநடைபோல் சொல்லிக் காட்டுவார். சொல் ஒலிக்காத இடத்திலும் அதன் அசையழுத்தமும் மூச்சுவிடும் இடமும் வாசிப்பை ஆள்கின்றன. மொழியியல் மாணவர் கவனிக்கத்தக்க இடம் இது.

சொல் வேறொரு வழியிலும் திரும்பி வந்தது. எடி ஜெஃபர்சன் என்னும் பாடகர், ஹாக்கின்ஸின் வாசிப்பை அதன் வளைவுகளோடும் விரைவுகளோடும் அப்படியே மெட்டாகக் கொண்டு, சுரத்துக்கொரு அசையாகப் புதிய வரிகள் எழுதினார். 1979இல் மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு அவ்வரிகளைப் பாடியது. 1930இன் பாட்டில் பேசுபவள் 'நான்', கேட்பவன் 'நீ'. ஜெஃபர்சனின் வரிகளில் காதலியும் இல்லை, காதலனும் இல்லை. 'அவர்' என்ற படர்க்கையில் புகழப்படுபவர் கோல்மன் ஹாக்கின்ஸ்.