டி. ஏ. ஜாஃபர்

டி. ஏ. ஜாஃபர், கேரளக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்தவர். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலாக வென்றபோது அணியின் துணைக் கேப்டன். இரண்டாவது, மூன்றாவது முறை வென்றபோது பயிற்சியாளர்.

ஆட்டக் காலம்

கால்பந்து ஆடத் தெரிந்தவர்களுக்கு வேலை கொடுத்து, அணி நடத்திய தொழிற்சாலைகள் அன்று கொச்சியைச் சுற்றி இருந்தன. அவற்றில் ஒன்றான களமசேரி பிரீமியர் டயர்ஸ் அணிக்காக ஜாஃபர் ஆடினார். 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி ரயில்வே. கேப்டன் டி. கே. எஸ். மணி ஹாட்ரிக் அடிக்க, கேரளம் 3-2 என வென்றது. 1941இல் தொடங்கிய போட்டியில் கேரளத்துக்கு அதுவே முதல் கோப்பை. அன்று அணியின் பயிற்சியாளர், 1960 ரோம் ஒலிம்பிக் இந்திய அணியில் இடம்பெற்ற தமிழர் சைமன் சுந்தரராஜ்.

பயிற்சியாளராக

இரண்டாவது கோப்பைக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை; கேரள போலீஸ் அணி 1990, 1991இல் கிளப் அணிகள் மோதும் தேசியப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையையே வென்றிருந்தது. ஆனால் சந்தோஷ் கோப்பையில் 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு இறுதி ஆட்டங்களில் கேரளம் தோற்றது. கொல்லம், பாலக்காடு என்று சொந்த மண்ணிலும் கோப்பை கைநழுவியது.

அந்தக் குறை தீர்ந்தது கோயம்புத்தூரில். 1992இல் அங்கு நடந்த இறுதி ஆட்டத்தில், வி. பி. சத்யன் தலைமையில் ஜாஃபரின் அணி கோவாவை 3-0 என வீழ்த்தியது. மறு ஆண்டு போட்டி கொச்சிக்கு வந்தது. குரிகேஷ் மாத்யூ கேப்டன். மகாராஷ்டிரத்தை 2-0 என வென்று, ஊர்க்காரர்கள் முன்னிலையில் கோப்பையைத் தக்கவைத்தது கேரளம்.

மதிப்பீடு

கேரளம் 2022 வரை வென்ற சந்தோஷ் கோப்பைகள் ஏழு. முதல் மூன்றிலும் ஜாஃபருக்குப் பங்கு உண்டு. அந்த ஏழில், அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றவை அவர் பயிற்சியளித்த இரண்டு மட்டுமே.