மாலை ஐந்து முதல் ஏழு வரை: கம்பம் பள்ளத்தாக்கில் தொலைக்காட்சியும் வீட்டில் நடக்கும் கல்வியும்

1. சிக்கல்

தொலைக்காட்சியைக் குறையுங்கள், பிள்ளைகளை வீட்டில் படிக்க வையுங்கள் என்ற அறிவுரை பள்ளி ஆண்டுவிழா மேடைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் தவறாமல் ஒலிக்கிறது. அறிவுரை சரியானதே. ஆனால் அதைக் கேட்கும் பெற்றோருக்கு அதை நிறைவேற்றும் வசதி உண்டா என்று அறிவுரை சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஆராய்கிறது. அதன் வாதம் இதுதான்: பெரியவர் எவரும் வீட்டில் இல்லாத மாலைப் பொழுதைத்தான் தொலைக்காட்சி நிரப்புகிறது. அந்தப் பொழுதில் பிள்ளையோடு உட்கார ஓர் ஆளை ஊரும் அரசும் சேர்ந்து ஏற்பாடு செய்தால் படிப்பு வளரும். ஏற்பாடு செய்யாதவரை பெற்றோரைக் கண்டிப்பதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

2. பள்ளத்தாக்கின் வேலைநாள்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நீளும் இந்த நிலம் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் செழிப்பது. 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையும், வாழையும் தென்னையும் இங்கு உண்டு. இவ்வளவு பசுமைக்கு நடுவிலும் பள்ளத்தாக்கின் கூலிக் குடும்பங்களில் பெரும்பகுதிக்குப் பிழைப்பு மலைக்கு அப்பால் இருக்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் அன்றாடம் ஜீப்புகள் ஏறுகின்றன. களையெடுக்கவும் காய் எடுக்கவும் போகிறவர்களில் பெண்களே மிகுதி. விடியலில் புறப்படும் தாய் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதன் பிறகுதான் அவளுக்கு அடுப்பு வேலையும் தண்ணீர் பிடிக்கும் வேலையும் தொடங்குகின்றன.

பள்ளி நான்கு மணியளவில் விடுகிறது. தாய் வந்து சேரும்வரை பிள்ளைக்குக் காவல் யார்? பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டி. இல்லாத வீட்டில் தொலைக்காட்சி. பிள்ளை தெருவில் இறங்கி வாய்க்கால் பக்கமோ சாலைப் பக்கமோ போகாமல் வீட்டுக்குள் இருக்கிறது என்பதே அந்தத் தாய்க்கு அது தரும் உறுதி. இந்த வேலைநாளைக் கணக்கில் எடுக்காமல் அவளது வீட்டுத் திரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆய்வுக்கு அழகல்ல.

3. ஒரே காலத்தில் வந்த இரண்டு கொடைகள்

தமிழகத்தில் தொலைக்காட்சி 1975இல் சென்னையில் தொடங்கியது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் கேபிள் கம்பி சிற்றூர்களுக்கும் நீண்டது. ஏழை வீடுகளைத் திரை முழுமையாக எட்டியது 2006 முதல் 2011 வரை நடந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால்தான். அந்த ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாநிலம் முழுதும் வழங்கப்பட்டன.

அதே ஐந்தாண்டில் அதே அரசு இன்னொன்றையும் கொடுத்தது. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் எழுந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஒரு நூலகம். இரண்டும் அரசுப் பணத்தில் வந்தவை. இரண்டும் ஏழைப் பிள்ளையைக் கருதி வந்தவை என்றே சொல்லப்பட்டன. பெட்டி நாள்தோறும் ஓடியது. நூலகங்கள் பல ஊர்களில் பூட்டிக் கிடந்தன.

மக்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. அந்த விளக்கம் தவறானது. பெட்டி ஓட மின்சாரம் போதும். நூலகம் இயங்க, சாவியோடு வந்து கதவைத் திறந்து, பிள்ளை கேட்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, புரியாத இடத்தைச் சொல்லித் தர ஒருவர் வேண்டும். கட்டடத்துக்கும் புத்தகத்துக்கும் பணம் ஒதுக்கிய திட்டம் அந்த ஒருவருக்கு முறையான ஊதியம் ஒதுக்கவில்லை. சொற்ப மதிப்பூதியத்தோடு நின்றது. ஆள் தேவைப்படாதது நிலைத்தது. ஆள் தேவைப்பட்டது வாடியது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இந்த வரலாறே முதல் சான்று.

4. திரை பற்றிய ஆய்வுகள்

தொலைக்காட்சி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பொதுக் கூற்றை ஆய்வுகள் அப்படியே ஏற்பதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்திருந்ததால் ஒளிபரப்பு எட்டாத சிற்றூருக்கு 1973இல்தான் தொலைக்காட்சி வந்தது. டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் தலைமையிலான உளவியலாளர் குழு அவ்வூரை, ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த இரண்டு ஊர்களோடு ஒப்பிட்டு, பெட்டி வருமுன்பும் வந்து ஈராண்டு கழித்தும் ஆராய்ந்தது. 1986இல் நூலாக வந்த முடிவுகளின்படி, பெட்டி வருமுன் அவ்வூரின் சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்புச் சரளத்தில் மேம்பட்டிருந்தனர். வந்தபின் அந்த மேன்மை மறைந்தது. ஊர் நிகழ்ச்சிகளில் மக்கள் கலந்துகொள்வதும் குறைந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தில் வாசிப்பு கடினமான வேலை; அந்த நேரத்தில் எளிய இன்பம் அருகில் இருந்தால் பயிற்சி தடைபடும் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம்.

எதிர்ச்சான்றுகளும் உண்டு. அமெரிக்காவில் 1940களிலும் 1950களிலும் நகரத்துக்கு நகரம் வெவ்வேறு ஆண்டுகளில் தொலைக்காட்சி வந்ததைப் பயன்படுத்தி மேத்யூ ஜென்ட்ஸ்கோவும் ஜெஸ்ஸி ஷாபிரோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் தொலைக்காட்சி பார்த்ததால் பிற்காலத் தேர்ச்சி குறைந்ததாகக் காணவில்லை. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத, தாய்மார் அதிகம் படிக்காத வீடுகளில் சிறிது நன்மையும் தெரிந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு. தமிழ்நாடு உட்பட ஐந்து இந்தியப் பகுதிகளில் கேபிள் வந்த ஊர்களைப் பின்தொடர்ந்த அவர்கள், அங்கே ஆண்பிள்ளை விருப்பமும் மனைவியை அடிப்பதை ஏற்கும் போக்கும் குறைந்ததையும், பெண்களின் சுயமுடிவு கூடியதையும் பதிவு செய்தனர். திரை இங்குள்ள பெண்களுக்கு வெளியுலகைக் காட்டிய ஜன்னலாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. திரையின் தீமை அது எதை விலக்குகிறது என்பதைப் பொறுத்தது. அதன் பாதிப்பு வாசிக்கக் கற்கும் முதல் மூன்று வகுப்புகளில் மிகுதி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த வழிகாட்டுதல் இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது. குறைந்தால் இன்னும் நன்று என்றும் சொல்கிறது. பெட்டியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவரும் இன்றும் இந்த முடிவுகள் பொருந்தும். கைப்பேசியில் பிள்ளை தனித்தே பார்க்கிறது. பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கும் அக்காவும் இல்லாமல் போகிறாள்.

5. வீட்டுக் கல்வி யாருக்கு வாய்த்தது

முற்காலத்தில் வீடே பள்ளியாக இருந்தது என்ற பெருமிதப் பேச்சையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கல்விக் கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். கம்பம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிகளும் 13,781 மாணவர்களும் இருந்ததாகத் தெரியவந்தது. அவர்களில் சிறுமியர் நூற்றைச் சற்றே தாண்டினர். சென்னை நகரில் வீட்டில் படித்தவர்கள் மட்டும் இருபத்தாறாயிரத்துக்கும் மேல், அதாவது பள்ளியில் படித்தவர்களைப் போல ஐந்து மடங்கு என்று கணக்கு வந்தது. அந்த எண்ணிக்கையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எண் எதுவாயினும், வீட்டில் படிக்க வாய்த்தது படித்த உறவினரோ ஆசிரியரை அமர்த்தும் வசதியோ இருந்த குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கே. உழவுக் கூலியின் வீட்டில் அந்த ஓய்வு இருந்ததில்லை.

இந்தப் பகுதியில் பள்ளி என்பது போராட்டத்துக்குப் பின் வந்த உரிமை. குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான பிரமலைக் கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. அந்த வரலாறு உள்ள மண்ணில் பள்ளிக்கு மாற்றாக வீட்டுக் கல்வியைப் பரிந்துரைப்பது பின்னடைவாகும். இங்கு வீட்டுக் கல்வி பள்ளியைத் தாங்கும் துணையாகவே இருக்க முடியும்.

அந்தத் துணையின் சுமை யார் தலையில் விழும்? 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் அதில் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடங்கள். தோட்டக் கூலியும் இந்த ஐந்து மணிநேரமும் சேர்ந்த நாளில் பாடம் சொல்லித் தரும் கடமையையும் தாயின் மேல் ஏற்றுவது கொடுமை. வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பன் திரையை அணைத்துப் பிள்ளையருகே உட்காரலாம். அதற்குப் படிப்பு அவசியமில்லை. பிள்ளை வாசிப்பதைக் கேட்க ஒருவர் இருப்பதே பயிற்சிதான்.

6. பெருந்தொற்று தந்த பாடம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் 2019இல் தொடங்கியிருந்த அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. பெட்டி கொடுக்கப்பட்ட வீடுகளில் அதுவே பள்ளியானது. முயற்சி நேர்மையானது, ஆசிரியர்கள் உழைத்தார்கள். ஆயினும் இழப்பு பெரிதாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் தமிழகத்தில் 2018இல் பத்து சதவீத அளவில் இருந்தனர். 2022இல் ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கினர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அறிக்கை காட்டியது. திரை பாடத்தைக் கொண்டுவந்தது. பிழையாக வாசித்தால் நிறுத்தித் திருத்தும் காது அதற்கு இல்லை.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அந்தக் காதை ஏற்பாடு செய்தது. பன்னிரண்டு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின் தேனி உட்பட மாநிலம் முழுதும் விரிந்தது. மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள், ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டப்படிப்பும் தகுதி. முன்வந்தவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் வாழும் பெண்கள். வீட்டுத் திண்ணை, கோயில் வளாகம், சமுதாயக்கூடம் எல்லாம் வகுப்பறைகளாயின.

இதன் பயனை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து அளந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் நிகழ்ந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இதில் மிகுதியாகச் சேர்ந்தனர் என்பதும் அவர்களது முடிவு. பாடநூலும் பிள்ளையும் முன்பும் இருந்தன. புதிதாகச் சேர்ந்தது மாலையில் அருகே உட்கார்ந்த ஓர் ஆள்.

7. பள்ளத்தாக்கு செய்ய வேண்டியது

மாலை ஐந்து முதல் ஏழு வரையிலான அந்த இரண்டு மணிநேரம் ஏலத்தோட்டத்து ஜீப் இறங்கும்வரை பிள்ளை காவலின்றி இருக்கும் அதே நேரம். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பாடத்தை மட்டும் தரவில்லை, பாதுகாப்பையும் தந்தது. பெருந்தொற்றின் அவசரம் தணிந்தபின் மையங்கள் குறைந்தன. கம்பம் பள்ளத்தாக்கில் தாய்மாரின் அவசரம் தணியவில்லை. ஜீப்புகள் இன்றும் ஏறுகின்றன.

ஆகவே மூன்று பரிந்துரைகள். முதலாவது, தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் மிகுந்த ஊர்களில் முதல் மூன்று வகுப்புகளுக்கான மாலை மையம் நிரந்தரமாக வேண்டும். அதை நடத்தும் பெண்ணுக்கு அவள் உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும். இரண்டாவது, ஊராட்சி நூலகங்களே அந்த மையங்களாகட்டும். 2006இல் ஆள் இல்லாமல் தொடங்கியதை ஆளோடு முடித்துவைக்க இதுவே வழி. மூன்றாவது, வீட்டிலுள்ள அறிவு அங்கே பாடமாகட்டும். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்த நாளிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய நான்கு மாதம் எண்ணுவதும், பந்தலில் கல்தூண்களுக்கு இடைவெளி அளப்பதும், ஏலக்காயைத் தரம் பிரித்து எடைபோடுவதும், ஜூனில் அணை திறந்ததும் நாற்றங்காலுக்கு நாள் கணிப்பதும் பெற்றோர் கைவசமுள்ள கணக்கும் அறிவியலும். அவற்றைப் பிள்ளை கேட்டு எழுதிவந்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் வீட்டில் ஆசிரியராவாள்.

தொலைக்காட்சியைக் குறைக்கும் பொறுப்பிலிருந்து பெற்றோரை இக்கட்டுரை விடுவிக்கவில்லை. இரவு உணவின்போது அணைத்துவைப்பதும், பிள்ளை வாசிக்கும் அரைமணிநேரம் தகப்பன் அருகிருப்பதும் எந்த வீட்டாலும் இயலும். செய்தே ஆக வேண்டும். ஆனால் மாலை ஐந்து முதல் ஏழு வரையிலான பொழுது கூலி வீட்டின் கைக்கு அப்பாற்பட்டது. வீடுதோறும் பெட்டி கொடுக்க முடிந்த சமூகம் தெருதோறும் ஓர் ஆசிரியையை அமர்த்தவும் முடியும். தேனி மாவட்டத்தின் ஊராட்சிகளும் பள்ளிக் கல்வித் துறையும் அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.