ஊசிக்கு முந்திய கை



ஜனாஸா வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "நேரத்துக்கு ஒரு ஊசி போட்டிருந்தா மனிசன் தப்பியிருப்பார்." வில்கமுவ மாதிரித் தூரத்து ஊர்களில் இந்த ஆதங்கம் இன்னும் கூட. அந்த ஊசியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

நின்றுபோன இதயத்துக்குப் போடும் பிரதான மருந்து அட்ரினலின். சிறுநீரகங்களுக்கு மேலிருக்கும் சுரப்பிகளின் சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதை 1890களில் ஒலிவர், ஷேஃபர் என்ற இரு ஆங்கிலேயர் காட்டினார்கள். 1901இல் ஜப்பானியரான ஜொகிச்சி தகமினே அதைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்ததை அறிவித்தார். 1906இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் கிரைல், இதயம் நின்ற நாய்களை அதைக் கொண்டு மீட்டார். ஆனால் மருந்தால் மட்டுமல்ல. நெஞ்சையும் அழுத்தினார், மூச்சும் கொடுத்தார்.

காரணம் எளிது. அட்ரினலின் உடலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் தசைக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டுகிறது. ஆனால் நாளத்தில் ஏற்றிய மருந்து இதயத்தைச் சென்றடையவே யாராவது நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓட்ட வேண்டும். வெறும் கைகளாலேயே அதைச் செய்யலாம் என்று 1960இல் கூவன்ஹோவன் குழுவினர் உலகுக்குச் சொன்னார்கள்.

இந்த ஊசி உண்மையில் எவ்வளவு காப்பாற்றுகிறது? பிரித்தானியாவில் 8,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அட்ரினலின் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 32 பேர் ஒரு மாதத்தின் பின் உயிரோடு இருந்தார்கள். வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 24 பேர். ஆனால் மூளை நல்ல நிலையில் மீண்டவர்களின் தொகையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதயம் திரும்பினாலும், இரத்தமில்லாமல் காத்திருந்த மூளை எல்லாருக்கும் திரும்பவில்லை.

அதற்காக ஊசி வீண் என்றல்ல, இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் மூளை சில நிமிடங்களிலேயே பாதிக்கப்படத் தொடங்கிவிடும். 2016இல் ஆரம்பித்த 1990 அம்புலன்ஸ் சேவை நமக்குப் பெரிய நிஃமத். என்றாலும் அது வந்துசேரும் வரைக்கும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையில்தான்.

ஒருவர் சுயநினைவின்றி விழுந்து, சரியாக மூச்சுவிடவில்லையா? 1990க்கு அழையுங்கள். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

ஹயாத்தும் மௌத்தும் அல்லாஹ்வின் நாட்டம். முயற்சி நம் கடமை. நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதை ஒரு பாடவேளையில் பழக்கிவிடலாம். அடுத்த ஜனாஸா வீட்டில் "ஊசி போட்டிருந்தா" என்று சொல்லுமுன், "யாராவது நெஞ்சை அழுத்தினீங்களா?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.