தரவு ஆய்வும் காட்சிப்படுத்தலும்: கொழும்பின் டெங்குப் பதிவுகள்

திரட்டிய எண்களை முன்முடிவின்றிப் பல கோணங்களில் பார்த்து, அவற்றில் உள்ள ஒழுங்கையும் ஒழுங்குமீறலையும் கண்டறிவது தரவு ஆய்வு. அதைக் கோட்டுப்படமாகவோ நிலப்படமாகவோ வரைவது காட்சிப்படுத்தல். அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் ஜோன் டுக்கி 1977இல் வெளியிட்ட நூல் இவ்வகைத் தரவு ஆய்வுக்கு அடித்தளமிட்டது. அதற்கு முன்பே, 1973இல், பிரான்சிஸ் அன்ஸ்கொம்ப் நான்கு தரவுத் தொகுதிகளை முன்வைத்தார். சராசரி முதலிய அளவைகள் நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் முற்றிலும் வேறு.

கொழும்பின் வெள்ளவத்தையில் இதைப் பழக விரும்புபவருக்கு டெங்குப் பதிவுகளைவிடச் சிறந்த பாடம் கிடையாது. இலங்கையில் டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். டெங்கு எனச் சந்தேகிக்கப்படுபவர் வைத்தியசாலைக்கு வந்ததும் எச் 544 படிவம் நிரப்பப்பட்டு, அவர் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து விசாரிப்பார். இந்த எண்களைத் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் அறிக்கையாக வெளியிடுகிறது. 2017இல் நாடு முழுவதும் 186,101 பேர் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மாவட்ட வாரியாக வெறும் எண்ணிக்கையை வரைந்தால் கொழும்பே வழக்கமாக உயர்ந்து நிற்கும். 2012 தொகைமதிப்பின்படி இங்கே 23 இலட்சம் பேர். திருகோணமலையில் 4 இலட்சத்துக்கும் குறைவு. 2017 மார்ச்சில் அந்த மாவட்டத்தின் கிண்ணியாவில் நோய் கடுமையாகப் பரவியது. அதன் உக்கிரத்தை எண்ணிக்கைப் படம் சிறிதாக்கிவிடும்; இலட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்த பிறகே அது தெரியவரும்.

காலத்தைச் சேர்த்துப் பார்ப்பது இன்னும் பயன் தரும். மேல் மாகாணத்தில் தென்மேல் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலையில் ஓர் உச்சம் வரும். ஆண்டு முடிவை ஒட்டி இன்னொன்று. மழை பெய்த வாரத்திலேயே நோயாளர் தொகை ஏறாது. முட்டை நுளம்பாக வளர வேண்டும், அந்த நுளம்பின் உடலில் வைரஸ் பெருக வேண்டும், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர மேலும் நாலு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே மழைக் கோட்டைச் சில வாரங்கள் தள்ளி வைத்து ஒப்பிட வேண்டும். இடைவெளி எத்தனை வாரம் என்று தெரிந்துவிட்டால், தொடர்மாடிகளின் மொட்டைமாடிகளையும் கட்டுமானத் தளங்களையும் எப்போது பரிசோதிப்பது என்ற முடிவை மழைக்கு முன்பே எடுக்கலாம்.

கோடு இறங்கினால் நோய் இறங்கியது என்று அவசரப்படக் கூடாது. 2019இல் ஒரு இலட்சத்தைத் தாண்டிய தொகை 2020இல் ஏறத்தாழ 31,000 ஆனது. அந்த ஆண்டு கொவிட் ஊரடங்கால் நடமாட்டம் குறைந்தது. காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகப் பலர் பயந்தார்கள். இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்பதை அந்தக் கோடு மட்டும் சொல்லாது.

முகவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. தெஹிவளையில் வசித்து வெள்ளவத்தையில் வேலை செய்பவர் எங்கே கடிபட்டாலும் பதிவு தெஹிவளைக்கே போகும். இதனால்தான் கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், பெயர் நீக்கிய கைபேசி அழைப்புப் பதிவுகளைக் கொண்டு மக்களின் நடமாட்டத்தை ஆராய்ந்தது.

நோயாளியின் வீட்டை ஒரு புள்ளியாகப் படத்தில் குறிப்பது வசதியாக இருக்கலாம். பொதுப் பார்வைக்கு அப்படி வெளியிடக் கூடாது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது தாக்க வந்தவர்கள் வாக்காளர் இடாப்பை வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடியதை வெள்ளவத்தை அறியும். வாக்களிக்கத் தொகுத்த பட்டியல் வீடு எரிக்கப் பயன்பட்டது. தனிநபர் தரவைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல்தான் வந்தது. கிராம உத்தியோகத்தர் பிரிவு அளவில் தொகுத்து நிறமிட்டாலே மாநகர சபையின் முடிவுகளுக்குப் பெரும்பாலும் போதும்.

இராமகிருஷ்ண வீதியிலுள்ள இன்ஃபோமெட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னோலஜி தரவு விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் துறை உண்டு. தொடங்குவதற்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வாராந்த அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020 உட்பட ஐந்து ஆண்டு எண்களை எக்செலில் ஏற்றி ஆண்டுக்கொரு கோடாக ஒன்றன்மேல் ஒன்று வரைந்தால், இரு உச்சங்களும் 2020இன் பள்ளமும் முதல் மாலையிலேயே தெரிந்துவிடும்.