சுவரும் விட்டமும்: சென்னை மேற்குப் புறநகர்ப் பழைய வீடுகளில் மேல்தளம் தாங்கும் முறை

முன்னுரை

மேல்தளத்தை விட்டம் தாங்குகிறது. விட்டத்தைச் சுவர் தாங்குகிறது. பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களில் எஞ்சியுள்ள பழைய செங்கல் வீடுகளில் புதிதாக மச்சோ பரணோ அமைக்க முற்படுவோர், புதிய விட்டத்தின் முனையைப் பழைய சுவரில் எவ்வாறு அமர்த்துவது என்ற வினாவையே முதலில் எதிர்கொள்கின்றனர். மரபு கண்ட விடையையும், அது மறக்கப்பட்டதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தளத்தின் அமைப்பு

சென்னைப் பகுதியில் பெருவழக்காயிருந்த தளமுறை ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும். ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் தேக்கு விட்டங்களைப் பரப்பி, அவற்றின்மீது மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்குவர். தட்டோடு பதிப்பதுடன் பணி நிறைவுறும். இம்முறைக்கு இந்தியத் தர நிறுவனமே ஐ.எஸ். 2119 என்னும் நெறிமுறையை வகுத்து, 1980இல் திருத்தி வெளியிட்டது.

விட்டமுனையும் சுவரும்

இத்தளம் கனமானது, அதன் எடை முழுவதும் விட்டமுனைகளின் வழியே சுவரில் இறங்குகிறது. முனை நேரே செங்கல்லில் அமர்ந்தால், அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து சுவர் நொறுங்கும். எனவே முனைக்கு அடியில் கற்பலகையோ மரப்பலகையோ வைத்து எடையைப் பரப்பினர். மேல்தளச் சுவரின் தடிமனைக் குறைத்து, அதனால் கிடைத்த விளிம்பில் விட்டத்தை அமர்த்துவதும், சுவரிலிருந்து கல்லை நீட்டித் தாங்குவதும் பிற வழிகள்.

பழைய சுவரில் புதிய விட்டம் சேர்க்கும்போதும் இவையே பொருந்தும். நீண்ட பள்ளம் வெட்டினால் சுவர் வலுவிழக்கும். ஒவ்வொரு முனைக்கும் தனிக்குழி போதுமானது. முனையைச் சுற்றிக் காற்றோட்டத்திற்குச் சிறிது இடம் விடவேண்டும். இல்லையேல் ஈரம் தேங்கி மரம் உளுக்கும், கறையானும் சேரும்.

மாற்றமும் இழப்பும்

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தபின் இவ்வூர்களில் குடியிருப்புத் தேவை பெருகியது. அக்காலத்தில் கட்டுமானப் பொருளாகச் சிமெண்டே கோலோச்சியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை ஏற்று மீண்டும் வெளிவிடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. அது முதலில் தாக்குவது சுவருக்குள் மறைந்திருக்கும் விட்டமுனையையே. நடுப்பகுதி உறுதியாயிருந்தும் முனை ஒன்று உளுத்ததைக் கண்டு வீட்டையே இடிக்கத் துணிவோர் உளர். கெட்ட முனையை மட்டும் அறுத்து நல்ல மரத்தை ஒட்டவைக்கலாம். சுவரோரம் புதிய தாங்கியும் அமைக்கலாம். இவ்வழிகளை அறிந்த கைவினைஞர் குறைந்து வருவதே இடிப்புக்குத் துணைபோகிறது.

முடிவுரை

மெட்ராஸ் டெரஸின் சிறப்பு தேக்கில் மட்டுமன்று. மரமும் செங்கல்லும் சந்திக்கும் இடத்தைப் பேணிய அறிவிலும் உள்ளது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பர். பழைய வீடுகளை மதிப்பிடுவோர் விட்டத்தின் நடுப்பகுதியைப் பார்ப்பதற்கு முன் அதன் முனையைத் திறந்து பார்த்தல் வேண்டும். காக்கத்தக்க வீடு எது, கைவிடவேண்டியது எது என்பது பெரும்பாலும் அங்கேயே தெளிவாகும்.