எஸ்.ஏ.டி. முதல் ஹ்ருத்யம் வரை

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையை ஊரார் எஸ்.ஏ.டி. என்றே அழைப்பர். அம்மூன்றெழுத்துக்குள் ஒரு குழந்தையின் பெயர் இருப்பது பலருக்கு நினைவில்லை. திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாள் ராமவர்மா இதய நோயால் 1944இல், ஆறு வயதில் இறந்தார். அவர் நினைவாக 1952இல் எழுந்ததே இந்தத் தாய்சேய் மருத்துவமனை. பிறவி இதயக் கோளாற்றால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான முதல் அறுவை சிகிச்சை அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்ததும் அதே 1944 நவம்பரில்தான். அரண்மனையில் பிறந்த பிள்ளையைக் காக்கவும் அன்றைய மருத்துவத்திடம் வழியில்லை.

ஆனால் அக்காலத்தில் பச்சிளங்குழந்தைகளைப் பெரிதும் பலிகொண்டவை இதயக் கோளாறுகள் அல்ல. தொற்றும், குறைமாதப் பிறப்பும், பேறுகாலச் சிக்கல்களுமே. அவற்றை எதிர்கொள்ளும் பணி எஸ்.ஏ.டி.க்கு முன்பே தைக்காட்டில் தொடங்கியிருந்தது. லண்டனில் பட்டம் பெற்று 1916இல் தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்த மேரி புன்னன் லூக்கோஸ், பரம்பரையாகப் பேறு பார்த்துவந்த குடும்பங்களின் பெண்களுக்கே பிரசவப் பயிற்சி அளித்தார். வயற்றாட்டியை விலக்கிவிடாமல், அவர் வீட்டு மகளைப் பயிற்சிக்கு அழைத்தது நுட்பமான முடிவு. மக்களின் நம்பிக்கை ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தது.

தொற்று மரணங்கள் குறையக் குறைய, பிறவிக் கோளாறுகளால் நேரும் இறப்புகளின் பங்கு கூடியது. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேர் இதயக் கோளாற்றுடன் பிறக்கின்றனர். இவற்றுள் சில வகைகள் வஞ்சகமானவை. கருவில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து இரத்தத்தைச் செலுத்தும் சிறு குழாய், பிறந்த சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். கோளாறுள்ள இதயத்தில் உயிர் அந்தக் குழாயையே நம்பியிருக்கக்கூடும். பால் குடித்து, அழுது, நல்ல நிலையில் வீடு திரும்பிய குழந்தை மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ திடீரெனச் சரியும். வலக்கையிலும் காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்து ஆக்சிஜன் அளவைப் பார்த்தால் இவற்றுள் பலவற்றை முன்பே ஐயுறலாம்.

கண்டறிந்த பின் குழந்தையை எங்கே அனுப்புவது? இதற்கு விடையாகவே கேரள அரசு 2017இல் ஹ்ருத்யம் திட்டத்தைத் தொடங்கியது. குழந்தையின் விவரம் இணையப் பதிவேட்டில் ஏறும், இதய மருத்துவர்கள் அவசர நிலையை வகைப்படுத்துவர், ஸ்ரீ சித்திரத் திருநாள் நிறுவனம் உள்ளிட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் இடமுள்ள ஒன்றுக்குக் குழந்தை அனுப்பப்படும், செலவு அரசுடையது. வேறு வேறு இடங்களில் தனித்தனியே இருந்த காத்திருப்புப் பட்டியல்கள் ஒரே திரைக்கு வந்ததே இதன் பெரும்பயன்.

2019 ஏப்ரல் 16 அன்று மங்களூரிலிருந்து சுமார் 15 நாள் குழந்தையுடன் ஓர் ஆம்புலன்ஸ் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரம். முகநூல் நேரலையில் செய்தி பரவ, வழிநெடுக இளைஞர்கள் சாலையை ஒழுங்குசெய்தனர். சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா தலையிட்டு, ஹ்ருத்யம் வழியாகக் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்தார். சுமார் 400 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் கடந்த வேகத்தை நாடே பாராட்டியது. பயணத்தில் ஏறத்தாழ 200 கிலோமீட்டரை மிச்சப்படுத்திய அந்த ஏற்பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கேரளத்தின் சிசு மரண விகிதம் 2013இல் ஆயிரத்துக்கு 12, 2020இல் 6. மாதிரிப் பதிவு அமைப்பின் இவ்வெண்களை ஒரு பதிவேட்டின் சாதனையாக எழுதுவது வரலாற்றுப் பிழையாகும். அதே 2013இல்தான் அட்டப்பாடியின் ஆதிவாசி ஊர்களில் நேர்ந்த சிசு மரணங்கள் மாநிலத்தை உலுக்கின. தாயின் இரத்தசோகைக்கும் பட்டினிக்கும் எந்தத் திரையிலும் காலிப் படுக்கை தேட இயலாது.

ஆம்புலன்ஸ் ஓடிய மறுமாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு குறித்த அமைச்சரின் முகநூல் பதிவின் கீழ் ஒருவர், தம் உறவில் அன்று பிறந்த குழந்தையின் இதயக் கோளாற்றைச் சொல்லி உதவி கேட்டார். அமைச்சர் அங்கேயே பதிலளித்தார். குழந்தை கொச்சி லிசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பதிவேடு தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியும், அக்குடும்பம் கதவைத் தட்டிய இடம் அமைச்சரின் முகநூல் பக்கமாகவே இருந்தது.